குட்டியானையின் பின்கதவு

திண்டுக்கல் திருச்சி ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உருவாக்கிக்கொண்டிருந்த பெரிய வீடியோ கேமுக்கு வேண்டிய வண்டிகளைக் கணினியில் செய்து கொடுப்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. ஊர் முழுக்க எங்கு வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு திரியலாம், எதன்மீது வேண்டுமானாலும் மோதலாம் என்கிற வகை விளையாட்டு அது. மற்றவர்கள் வண்டிகளைச் செய்தார்கள். தமிழ்மதி அவற்றை உடைத்தாள்.

சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். இருபத்தேழு வயது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அம்மா, "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். என் மகள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கார்களை நசுக்குகிறாள் என்று எந்தத் தாய் சொல்வாள்?

ஆனால் அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. விளையாட்டில் ஒரு வண்டி படிப்படியாகத்தான் சாகும். முதலில் கீறல் விழும். பிறகு பம்பர் ஒரு பக்கம் கழன்று தரையில் உரசும். கண்ணாடி சிலந்திவலையாக விரியும். இன்ஜின்மேல் இருக்கிற முன்மூடி மடங்கிப் புகை கிளம்பும். கடைசியில் தீ. முன்பெல்லாம் நல்ல கதவுக்குப் பதிலாக நெளிந்த கதவை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. இப்போது அப்படி இல்லை, எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் இடித்தானோ அந்த இடம் அந்த அளவுக்கு உள்ளே போக வேண்டும். தகரம் கண்டபடி மடங்காது, தொழிற்சாலையில் அதை அழுத்தி வளைத்த கோட்டிலேதான் முதலில் மடங்கும் என்பதைத் தமிழ்மதி யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

எந்தப் படியிலும் ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. எரிகிற வண்டியின் கதவைத் திறந்து இறங்கி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த வண்டியைத் தேடிப் போவான்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. விளையாட்டில் நம் பக்கத்துச் சாலை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஓடுகிற குட்டியானை, அதுதான் காய்கறியும் பூவும் ஏற்றுகிற சின்ன லோடு வண்டி, உருளும்போது பார்க்கச் சகிக்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தகரம் மாதிரி இல்லையாம் மதி. காலண்டர் அட்டை மடங்குற மாதிரி இருக்காம்" என்றான் ராஜ்கமல். அலுவலகம் அவனுடையது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டான்.

"நெட்ல கெடைக்கிற படமெல்லாம் தூரத்துல இருந்து எடுத்தது சார். உள்பக்கம் எப்படி மடங்கியிருக்குன்னே தெரியல."

"அப்ப பக்கத்துல போய் எடு. என்கூடப் படிச்சவன், அய்யனார்னு, போலீஸ் ஸ்டேஷன்ல ரைட்டரா இருக்கான். போன மாசம் கவுந்த வண்டி ஒண்ணு அங்க கெடக்குன்னு சொன்னான். நான் பேசிடுறேன்."

அந்தக் காவல் நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. பின்பக்கத்து வெட்டவெளியில் வழக்கில் சிக்கிய வண்டிகளெல்லாம் வெயிலில் கிடந்தன. எழுத்தர் அய்யனார் அவளை அங்கே கொண்டுபோய் விட்டார்.

"படம் எடுக்குறதோட சரி. எதையும் தொடாதம்மா. யாரும் கேட்டா என் பேரைச் சொல்லாத."

குட்டியானை நான்கு சக்கரத்தில்தான் நின்றது. கிரேன் வைத்து நிமிர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே இருந்த கூரை அமுங்கியிருந்தது. இடப்பக்கம் முழுக்கத் தார்ச்சாலையில் இழுபட்டு, பச்சைப் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. பின்பக்கக் கம்பிகள் உள்நோக்கி வளைந்து நின்றன.  இதைத்தான் தமிழ்மதி இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். எந்தப் படத்திலும் இந்த மடிப்பு இல்லை. ஃபோனை எடுத்துக் கிட்டத்தில் வைத்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். பின்னால் சரக்கு ஏற்றுகிற மேடையில் ஒரு ரப்பர் செருப்பு, ஒற்றையாக, குறுக்கே கிடந்தது. காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தையும் எடுத்தாள்.

"அது தெய்வானை செருப்பு தாயி."

திரும்பினாள். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். இடது கையில் மாவுக்கட்டுப் போட்டுத் துணியில் தொங்கவிட்டிருந்தாள். மெதுவாக வந்து, செருப்பை வலது கையால் எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"யாரு தாயி நீ? கோர்ட்டுல இருந்து வாரியா?"

"படம் எடுக்க வந்தேம்மா."

"மேல அனுப்பவா?"

தமிழ்மதி ஒரு கணம் யோசித்தாள். "ஆமா" என்றாள். கடல் தாண்டிப் போகிற படம்தானே, மேலே என்று சொன்னால் பொய்யாகாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஒரு சொல்லுக்கு எதிரே இருந்தவள் முகம் மாறிய விதத்தைப் பார்த்த பிறகு திருத்திச் சொல்லவும் வாய் வரவில்லை. திருத்தினால் போகச் சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

அவள் பெயர் சுப்புத்தாய். நத்தம் போகிற வழியில் ஒரு கிராமம். மல்லிகை பறிக்கப் போகிற பெண்கள் பதினாறு பேரை அந்த வண்டி தினமும் விடியலில் ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கும் ஏற்றிப்போனது. புளியந்தோப்பு வளைவில் திரும்பியபோது பின்கதவு விழுந்தது. ஓரத்தில் இருந்தவர்கள் சரிந்தார்கள். பதறிய ஓட்டுநர் திருப்பிய திருப்பில் வண்டியும் கவிழ்ந்தது. செத்தது மூன்று பேர். அதில் ஒருத்தி தெய்வானை. இன்னொருத்தி சுப்புத்தாயின் மகள் முனீஸ்வரி, பத்தொன்பது வயது.

"நான் இந்தா, இங்கனதேன் உக்காந்திருந்தேன். எம்மக அங்கன. ஒரு கை தூரந்தேன். எட்டிப் புடிச்சேன் தாயி. தாவணிதேன் கையில வந்துச்சு." மாவுக்கட்டைக் காட்டினாள். "அதுக்குள்ள வண்டி எம்மேல வந்துருச்சு."

"கதவு எப்படிம்மா விழுந்துச்சு?" தமிழ்மதி உண்மையிலேயே ஆர்வமாகக் கேட்டாள். கதவு எந்தப் பக்கமாகத் திறந்து விழுந்தது என்பது அவள் வேலைக்கு வேண்டியிருந்தது.

சுப்புத்தாய் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். கதவுக்கு இரண்டு பக்கமும் கொக்கி இருக்க வேண்டும். வலப்பக்கக் கொக்கி ஒடிந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. அதற்குப் பதில் நைலான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான் வண்டி முதலாளி கண்ணுசாமி. கயிறு இளகிக்கொடுக்கும், கொக்கி மாதிரி இழுத்துப் பிடிக்காது. வளைவில் எல்லாருடைய பாரமும் இடது கொக்கிமேலேயே விழுந்து, அது பிய்த்துக்கொண்டது. வலப்பக்கத்துக் கயிறும் முடிச்சும் மட்டும் அப்படியே இருந்தன. நீலக் கயிறு வெயில் பட்டு வெளுத்திருந்தது. முடிச்சின் இடுக்கில் பல மாதத்துப் புழுதி இறுகியிருந்தது.

"போலீசுல என்ன எழுதிட்டாக தெரியுமா? பொம்பளைக கதவுமேல ஏறி உக்காந்து காலைத் தொங்கப்போட்டு ஆட்டம் போட்டுட்டு வந்தாளுகளாம். அதனாலதேன் விழுந்தாளுகளாம். ஊருலயும் இப்ப அப்பிடித்தேன் பேசுறாக. கண்ணுசாமி ரெண்டு கொக்கியும் நல்லா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கான். எம்மக ஆட்டம் போடலை தாயி. தூங்கிக்கிட்டு வந்தா."

ஒரு வக்கீலம்மா, மரியசெல்வி என்று பேர், காசு வாங்காமல் வழக்கை எடுத்திருந்தார். வண்டியை மறுபடி ஆய்வு செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தார். வருகிற புதன்கிழமை அதிகாரி வருகிறார்.

"அதுவரைக்கும் இந்தக் கயிறு இருக்கணும்ல. அதேன் பஸ் ஏறி வந்து வந்து பாத்துட்டுப் போறேன். நீ நல்லா எடுத்துக்க தாயி. முடிச்சு தெரியுற மாதிரி எடுத்துக்க."

தமிழ்மதி முடிச்சு தெரிகிற மாதிரி நான்கு படம் எடுத்தாள். சுப்புத்தாய் கேட்டபோது ஃபோன் நம்பரையும் கொடுத்தாள். ஆபீஸ் எங்கே என்று கேட்டதற்கு, திருச்சி ரோடு, பாத்திரக்கடைக்கு மேலே என்றும் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

படங்களைப் பார்த்த ராஜ்கமல் துள்ளினான். "இது போதாது மதி. வண்டியைச் சுத்திச் சுத்தி நானூறு படம் எடுத்தா கம்ப்யூட்டரே அப்படியே உருவத்தைச் செஞ்சு குடுத்துரும். ஒரு மடிப்புகூடத் தப்பாது. ஞாயித்துக்கெழம போயிட்டு வந்துரு. ஆனா எதுவும் ஆடக்கூடாது. ஆடினா உருவம் குழம்பிரும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். ஆடி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது, காற்று அடித்துக்கொண்டிருந்தது. பின்கதவு ஒரு பக்கக் கயிற்றில் கோணலாகத் தொங்கி, காற்றுக்கு டக் டக்கென்று ஆடியது. செங்கல்லை முட்டுக்கொடுத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. கதவு முழுதாகக் கீழே இறங்கினால்தான் ஆடாமல் நிற்கும், மேடையின் உள்பக்கமும் தெரியும். கயிற்றை அவிழ்த்துவிட்டு, எடுத்து முடித்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். முடிச்சு அவிழவில்லை. பல மாதம் பாரம் தாங்கி இறுகிய முடிச்சு. நகம் ஒடிந்ததுதான் மிச்சம்.

சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை. சுப்புத்தாயும் அன்று வரவில்லை.

பையில் பேப்பர் வெட்டுகிற கத்தி இருந்தது. வெளுத்த கயிறு இரண்டே இழுப்பில் அறுந்தது. கதவு தடாலென்று இறங்கி அசையாமல் நின்றது. அடுத்த ஒன்றரை மணி நேரம் தமிழ்மதி எதையும் நினைக்கவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் மண்டியிட்டும் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்தாள். முடித்த பிறகு, கயிற்றின் இரண்டு துண்டையும் இழுத்துச் சேர்த்து, தனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகையில் ரெட்டைச் சடை ரிப்பனில் போடுகிற முடிச்சு. அறுபட்ட முனைகள் புத்தம்புதிய நீலத்தில் பளிச்சென்று தெரிந்தன. கொஞ்சம் மண்ணை அள்ளி அவற்றின்மேல் தேய்த்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஃபோன் வந்தது.

"தாயி, நான் சுப்புத்தாய் பேசுறேன். கயிறை எவனோ அறுத்து வேற முடிச்சுப் போட்டிருக்கான் தாயி. வந்த ஆபீசரு, இது புதுசாக் கட்டுன கயிறுன்னு எழுதிட்டாரு. பொம்பளை கட்டுன முடிச்சு மாதிரி இருக்குன்னு வேற சொல்றாரு. நாந்தேன் கட்டுனேனாம். கண்ணுசாமி வக்கீலு, கொக்கியைக் கழட்டிப் போட்டதும் நாந்தேங்கிறான். ரைட்டரு ஐயாவும், இந்தம்மாதான் தெனம் வந்து வண்டிகிட்ட நிக்கும், வேற யாரும் வரலைன்னு சொல்லிட்டாரு."

தமிழ்மதி நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"நீ எடுத்தியே தாயி, முடிச்சு தெரியுற மாதிரி. அது இருக்குல்ல? அதைக் காட்டுனா போதுங்கிறாக வக்கீலம்மா. தேதி, நேரமெல்லாம் அதுலயே இருக்குமாம்ல."

"பாக்குறேம்மா" என்றாள் தமிழ்மதி. "பாத்துட்டுச் சொல்றேன்."

பார்க்க வேண்டியதே இல்லை. நான்கு படமும் ஃபோனில் இருந்தன. வெளுத்த கயிறு, பழைய முடிச்சு, புழுதி, எல்லாம் தெளிவாக. வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. அவற்றை அனுப்பிவைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அனுப்பினால் அடுத்த கேள்வி வரும். வியாழக்கிழமை நன்றாக இருந்த கயிற்றை அறுத்தது யார்? வண்டிக்குப் பக்கத்தில் போனது யார் யார்? அய்யனார் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முதல் வேலையாக அவளைக் கைகாட்டுவார். வழக்குப் பொருளில் கை வைத்ததற்கு என்ன தண்டனை என்று தேடிப் பார்த்தாள். படித்துவிட்டு மூடினாள். பங்குனியில் நிச்சயம் செய்யலாம் என்று கரூரிலிருந்து ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருந்தது. அதையும் நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு சுப்புத்தாயின் ஃபோன் வந்தால் எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வந்தது. வெள்ளிக்கிழமை அந்த நம்பரைத் தடை செய்தாள்.

குட்டியானை அபாரமாக வந்திருந்தது. கூரை அமுங்குகிற விதம், கம்பி வளைகிற விதம், இடப்பக்கம் உரசும்போது பெயின்ட் நீளநீளமாக உரிகிற விதம், எல்லாம். பின்கதவைப் பற்றி மட்டும் கம்பெனிக்காரர்கள் ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கொக்கி, ஒரு பக்கம் கயிறு என்றிருப்பது விளையாடுகிறவனுக்குப் புரியாது, இரண்டு பக்கமும் நல்ல கொக்கியே இருக்கட்டும் என்றார்கள். தமிழ்மதி இரண்டு பக்கமும் நல்ல கொக்கி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில், அலுவலகத்தின் பெரிய திரையில் வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மணிமாறன் என்ற டெஸ்டர், மலைச்சரிவில் வண்டியை உருட்டிவிட்டு எத்தனை குட்டிக்கரணம் என்று எண்ணிக்கொண்டிருந்தான். எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழாவது உருளலில் பின்கதவு பிய்த்துக்கொண்டு பறந்தபோது கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சுப்புத்தாய் உள்ளே வந்தாள். மாவுக்கட்டு அவிழ்த்திருந்தது. கை நேராகாமல் முழங்கையில் கோணி நின்றது.

"வாங்கம்மா, யாரைப் பாக்கணும்?" என்று எழுந்தான் ராஜ்கமல்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் குட்டியானை பள்ளத்தில் பக்கவாட்டில் கிடந்தது. சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எங்க வண்டிய்யா" என்றாள்.

"அதே மாதிரி செஞ்சதும்மா. விளையாட்டுக்கு." ராஜ்கமலுக்குப் பெருமைதான். "அச்சு அசலா இருக்குல்ல?"

அவள் இன்னும் கிட்டத்தில் போனாள். "உள்ள ஆளு யாரும் இல்லையா?"

"இல்லம்மா. பின்னாடி ஆளை வச்சுக் கவுத்தா, சின்னப் புள்ளைக விளையாட அனுமதி தரமாட்டாங்க."

சுப்புத்தாய் தலையை ஆட்டிக்கொண்டாள், நியாயம்தான் என்பதுபோல. மணிமாறன் அவள் மலைத்து நிற்பதைப் பார்த்து, வேடிக்கை காட்டுகிற உற்சாகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினான். கண்மூடித் திறப்பதற்குள் குட்டியானை சாலையில் புத்தம்புதிதாக நின்றது. கம்பி நேராக இருந்தது. கூரை நிமிர்ந்திருந்தது. பின்கதவு இறுக்கமாக மூடியிருந்தது.

"எந்திரிச்சிருச்சே" என்றாள் சுப்புத்தாய்.

"ஒரே பட்டன்தாம்மா. எத்தனை தடவை வேணாலும் எந்திரிக்கும்." அவன் திரும்ப ஓட்டத் தயாரானான்.

"ஏலே அப்பு, ஓட்டாத. அப்பிடியே நிக்கட்டும் செத்த நேரம்."

மணிமாறன் கையை எடுத்துவிட்டான்.  நடுச்சாலையில் வெயிலில் வண்டி நின்றது. அந்த விளையாட்டில் நாம் சும்மா இருந்தாலும் சாலை சும்மா இருக்காது, தானாக ஓடுகிற வண்டிகள் வந்துகொண்டேயிருக்கும். வளைவில் ஒரு லாரி வந்தது. நிற்காமல் குட்டியானையின் பின்னால் அடித்தது. கதவு விழுந்தது, வண்டி சரிந்தது, உருண்டது.

"நான் தொடவே இல்ல" என்று சொல்லிவிட்டு மணிமாறன் சிரித்தான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

சுப்புத்தாய் திரையிலிருந்து கண்ணை எடுத்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஓரத்து மேசையில் தலையைக் குனிந்திருந்த தமிழ்மதியைக் கண்டுகொண்டாள்.

"தாயி, ஃபோனை ஏன் எடுக்க மாட்டேங்குற? அந்தப் படத்தைக் குடு தாயி. வர்ற திங்கக்கெழம என்னையக் கூப்பிட்டிருக்காக. சாட்சியை மாத்துனேன்னு உள்ள வச்சிருவாகளாம்."

"என்ன படம்?" என்றான் ராஜ்கமல். சுப்புத்தாய் சொன்னாள். கயிறு, முடிச்சு, வியாழக்கிழமை என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் தமிழ்மதியைப் பார்த்தான். "இருந்தா குடுத்துரேன் மதி. அய்யனார்கிட்ட நான் பேசிக்கிறேன். நமக்கென்ன வந்துச்சு?"

அந்த ஒரு கணத்தில் எல்லாம் திறந்துதான் கிடந்தது. ஃபோன் அவள் மேசைமேலேயே இருந்தது. அவனுக்குக் கயிற்றை அறுத்தது யார் என்று தெரியாது. அவள் சொல்லவே இல்லை.

"இல்ல சார். மாடல் முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா தாயி?"

"எல்லாத்தையும்."

"நான் வெசாழன் பாத்தேன், கயிறு இருந்துச்சு. சனிக்கெழம பாத்தேன், இருந்துச்சு. ஞாயித்துக்கெழம எனக்குக் காச்சல், வரலை. அந்த ஒரு நாளுதேன்." சுப்புத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். "யாரு அறுத்திருப்பா தாயி? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

 ஞாயிற்றுக்கிழமை தமிழ்மதியை அங்கே அனுப்பியது தான்தான் என்பது ராஜ்கமலுக்கு உறைக்கவில்லை, தண்ணீர் கொடுக்கச் சொன்னான். சுப்புத்தாய் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கோணிய கையால் கதவைத் திறக்க முடியாமல், மறுகையால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் கீழே போன பிறகு, தமிழ்மதி சொன்ன பொய்யை மெய்யாக்கினாள். ஃபோனிலும் கணினியிலும் இருந்த படங்களை ஒன்றுவிடாமல் அழித்தாள். முடிச்சுப் படம் நான்கையும் கடைசியாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நல்ல படங்கள், கொஞ்சமும் ஆடாமல் எடுத்தவை. பிறகு டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டாள். பாதிதான் இறங்கியது.

மறுநாள் வக்கீல் மரியசெல்வி கூப்பிட்டார். "அழிச்ச படத்தையும் ஃபோன்ல இருந்து திரும்ப எடுக்கலாம்னு சொல்றாங்கம்மா. உங்க ஃபோனை ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா போதும். உங்க பேர் வெளியில வராம நான் பாத்துக்கறேன்."

"அந்த ஃபோன் தொலைஞ்சுபோச்சு மேடம்."

"அப்ப இப்ப எதுல பேசுறீங்க?"

"வேற ஃபோன். பழைய சிம்மையே வாங்கிப் போட்டிருக்கேன்."

 "சரிம்மா" என்று வக்கீல் வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே தமிழ்மதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஃபோனைக் கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை நடந்ததை ராஜ்கமல்தான் சொன்னான். அய்யனார் அவனிடம் சொன்னாராம். சுப்புத்தாயை உட்காரவைத்து, கொக்கியைக் கழற்றிக் கயிறு கட்டியது நான்தான், மகள் போன ஆத்திரத்தில் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எழுதி நீட்டினார்களாம். ஒப்புக்கொண்டால் வழக்கில்லை, இல்லாவிட்டால் ஜெயில் என்றார்களாம். சாயங்காலம் வரைக்கும் அவள் மாட்டேன் என்றே இருந்தாளாம். வெளியே காத்திருந்த வக்கீலை உள்ளே விடவில்லையாம். கடைசியில், "இதுல எம்மக ஆட்டம் போட்டான்னு எழுதலையே?" என்று கேட்டாளாம். அதில் எழுதவில்லை என்றதும் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாளாம்.

"பாவம்ல" என்றான் ராஜ்கமல். "நீ அந்தப் படத்தை அழிக்காம வச்சிருந்திருக்கலாம் மதி."

"தெரிஞ்சிருந்தா வச்சிருப்பேன் சார்" என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. அதைப் பற்றி அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கைநாட்டை வைத்து வழக்கை முடித்தார்கள். பெண்கள் தங்கள் கவனக்குறைவால் விழுந்தார்கள் என்ற முதல் அறிக்கையே நின்றது. வண்டி கண்ணுசாமிக்கே திரும்பிப் போனது, அவன் அதை இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வண்டி வாங்கினான். தமிழ்மதிக்குத் தூக்கம் போனது என்று சொன்னால் அது பொய். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிட்டாள்.

மாசியில் விளையாட்டு வெளிவந்தது. வண்டிகள் உடைகிற அழகைப் பற்றியே பலரும் பேசினார்கள். பச்சைக் குட்டியானையை யார் அதிக தடவை உருட்டுகிறார்கள் என்று பையன்கள் போட்டி வைத்து வீடியோ போட்டார்கள். இருபத்து மூன்று உருளல் ஒருவனுடைய சாதனை. ராஜ்கமல் கேக் வாங்கி வெட்டினான். வண்டிப் பிரிவு முழுவதற்கும் தமிழ்மதியைத் தலைமையாக்கினான்.

பங்குனியில் நிச்சயதார்த்தம் கூடிவந்தது. முதல் நாள் காலையில் அம்மாவும் அவளும் பூ வாங்கத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு கடையில் மல்லிகை குவிந்து கிடந்தது. நல்ல மொட்டு. அம்மா பேரம் பேசாமலே இரண்டு கிலோ போடச் சொன்னாள். கடைக்காரி கோணிய கையால் தராசைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அள்ளிப் போட்டாள். நிறுத்து, பையில் கொட்டப் போகும்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

சுப்புத்தாய் தமிழ்மதியைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் கைகளைப் பார்த்தாள். தராசுத் தட்டைத் திருப்பிக் குவியலிலேயே கொட்டினாள்.

"ஏம்மா, என்னாச்சு?" என்றாள் அம்மா.

"வித்துப்போச்சு."

"கண்ணு முன்னால இம்புட்டுக் குவிஞ்சு கெடக்கு, வித்துப்போச்சுங்கிற?"

"வேற ஆளுக்கு வச்சிருக்கு." சுப்புத்தாய் அவர்களுக்குப் பின்னால் நின்றவரிடம் திரும்பினாள். "உங்களுக்கு எம்புட்டு ஐயா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தமிழ்மதி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். அங்கேயும் அதே மல்லிகைதான். கேட்ட அளவுக்கு நிறுத்துக் கொடுத்தார்கள்.

சின்னாளப்பட்டி பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அம்மா அந்தப் பூக்காரியைத் திட்டிக்கொண்டே வந்தாள். நல்ல காரியத்துக்குப் பூ வாங்க வந்தவளை இப்படியா முகத்தில் அடிப்பாள், அவள் விளங்குவாளா, அவள் வீட்டில் பிள்ளைகுட்டி இல்லையா என்று. தமிழ்மதி முதலில் சும்மா இருந்தாள். காந்திகிராமம் தாண்டிய பிறகு, "விடும்மா, சில சனங்க அப்படித்தான்" என்றாள். பிறகு அவளும் ஓரிரு வார்த்தை சேர்த்துத் திட்டினாள்.